தோழியைத் தேடிய வரலாறு: செங்கற்பட்டுச் சீமையில் மகளிர் மனநலமும் சமூகத் துணையும்

சங்க அகப்பாடல்களைக் கூற்று வகையால் பகுத்து நோக்கினால், தலைவி கூற்றினும் தலைவன் கூற்றினும் தோழி கூற்றாக அமைந்தவையே மிகுதி என்பது புலமையுலகம் அறிந்த செய்தி. அவற்றுள் வெறியாட்டுத் துறைப் பாடல்கள் தனித்து எண்ணத்தக்கவை. தலைவி உண்ணாள், உறங்காள். உடல் மெலிந்து நிறம் வேறுபடுகிறாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியைக் கேட்கிறாள், வேலனை அழைக்கிறாள். களம் இழைத்து, மறி அறுத்து, முருகனுக்கு வெறியாடல் நிகழ்கிறது. நோய்க்குக் காரணம் முருகன் அல்லன் என்பதைத் தலைவியோடு சேர்ந்து அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் அறத்தொடு நின்று உண்மையை உரைத்த பிறகே துயர் தீரும் வழி பிறக்கிறது. பெண்ணின் மனத்துயரைக் குடும்பம் எவ்வாறு பிழைபட உணர்கிறது என்பதையும், அதனை அறிந்து எடுத்துரைக்க ஒருவர் இருந்தால் என்ன நேர்கிறது என்பதையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் பாடல் பதிந்து வைத்திருக்கிறது.

இக்காலத்தில் அதே துயர் வேறொரு வினாவாக முன்வைக்கப்படுகிறது. மனநலம் மிக்கவர் பணிக்குச் செல்லும் பெண்களா, இல்லத்தில் இருக்கும் பெண்களா என்பது பட்டிமன்ற மேடைக்குப் பழகிய தலைப்பு. ஒரு சாரார் ஊதியம் தரும் தன்மதிப்பைப் பேசுவர்; மறு சாரார் இரட்டைச் சுமையைப் பேசுவர். நடுவர் இரு பக்கமும் சேர்த்து ஒரு தீர்ப்புக் கூறுவார். அவை கலையும், வினா அங்கேயே நிற்கும்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரை விரியும் நிலப்பகுதியின் கடந்த ஒரு நூற்றாண்டு வரலாறு இவ்வினாவையே திருத்தி எழுதுகிறது. வேலை உண்டா இல்லையா என்பதைவிட, மனத்தைத் திறந்து பேசத் தோழி ஒருத்தி உண்டா இல்லையா என்பதே பெண்ணின் நலத்தைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது. வேலை சில இடங்களில் தோழியைத் தந்தது. சில இடங்களில் அவளைப் பறித்தது. வீடும் அவ்வாறே. பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29 அன்று செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறிய இந்நிலத்தில் பெண்களுக்கான துணையைத் தேடிய முயற்சிகள் ஒன்றையொன்று தொடர்ந்து வந்துள்ளன.

வயலும் கடற்கரையும்

ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த செங்கற்பட்டுச் சீமையில் உழைப்பு பெண்களுக்குப் புதியதன்று. நடவும் களையெடுப்பும் அவர்கள் கையில் இருந்தன. கேளம்பாக்கம், கோவளம் பகுதி உப்பளங்களில் ஆண்களோடு பெண்களும் வெயிலில் நின்றனர். கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என நீளும் கடற்கரைக் குப்பங்களில் கடல் ஆணுக்கும் கரை பெண்ணுக்கும் உரியனவாக இருந்தன. வலையில் வந்த மீனைக் கரையில் ஏலத்தில் எடுத்து, கூடையில் சுமந்து, உள்ளூர்ச் சந்தைகளிலும் தெருக்களிலும் விற்றுக் காசாக்கியவர் பெண்களே.

எனினும், உழைப்பு இருந்த இடமெல்லாம் நலம் இருந்ததென்று கொள்வது பிழை. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் குலத்தவரின் நிலை குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். நிலமின்மை, கடனால் கட்டுண்ட அடிமை உழைப்பு, குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்மை ஆகியவற்றை அது எடுத்துக்காட்டியது. அதனை அடுத்தே 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டு ஆணை பிறந்தது. அவ்வறிக்கை காட்டும் குடும்பங்களில் பெண்களுக்கு வேலை இல்லாத நாள் இல்லை. ஆனால் அவ்வேலையில் அவர்களுக்கு உரிமை என ஒன்றும் இல்லை. வேலையே மருந்து என்பாருக்கு இம்மாவட்டம் தரும் முதல் மறுப்பு இதுவே.

அந்நிலையிலும் அவர்களைத் தாங்கியது கூட்டு வாழ்வு. நடவு வரிசையில் குனிந்து நின்ற பெண்கள் பாட்டின் வழியே மாமியாரையும் கணவனையும் பண்ணையாரையும் பேச முடிந்தது. இழவு வீட்டு ஒப்பாரி, இறந்தவரை முன்னிட்டு இருப்பவளின் துயரைப் பாடும் களமாயிற்று. ஒருத்தி அழத் தொடங்க, மற்றவர் தோளில் கைபோட்டு வட்டமாக அமர்ந்து தத்தம் துயரையும் சேர்த்துப் பாடுவர். வாய்விட்டு அழுவதற்கு ஊர் ஒப்புக்கொண்ட இடம் அது. நாட்டார் பாடல்களைத் தொகுத்தோர் அவற்றின் சொல்லழகையும் சந்தத்தையும் போற்றினர். அவை ஒரு மருத்துவப் பயனையும் ஆற்றின என்பது போதிய அளவில் பேசப்படவில்லை. நடவு எந்திரமும் ஒலிபெருக்கியும் வந்த பின் அப்பாடல்கள் அருகின. இலக்கிய வழக்கொன்று மறைந்ததோடு பெண்கள் கூடித் தம் துயரைப் பேசிய அவையொன்றும் கலைந்தது.

கைம்பெண் இல்லத்திலிருந்து மாடம்பாக்கம் வரை

துணையற்ற பெண்ணுக்குக் கல்வியும் தொழிலும் தந்து, அவற்றோடு ஒரு வீட்டையும் தந்த முன்னோடி சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் பிறந்த அவர் பதினொரு வயதளவில் மணமாகி விரைவில் கணவனை இழந்தார். முடி மழித்து மூலையில் அமர்த்தும் வழக்கத்துக்கு அவர் குடும்பம் உடன்படவில்லை. 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் அந்நிலையை எட்டிய முதல் இந்துப் பெண் என்று போற்றப்பட்டார். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். இளங்கைம்பெண்களுக்காக அவர் உருவாக்கிய இல்லம் பின்னர்க் கடற்கரை ஐஸ் அவுஸ் கட்டடத்தில் இயங்கியது.

அவ்வில்லத்தின் இயல்பு கருதத்தக்கது. அங்கு வந்த சிறுமியர் படித்து ஆசிரியைகளாகவும் பிற பணியாளர்களாகவும் ஆயினர். அவர்களைத் தேற்றியது பிற்காலத்தில் வந்த ஊதியம் மட்டுமன்று. தம்மைப் போன்ற பலர் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கண்டதே முதல் தேறுதல். சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாளும் கைம்பெண்ணே. இல்லத்துப் பெண்களுக்குத் தாயாக நின்றவர் அவர். தொடக்கத்தில் அவ்வில்லம் அந்தணர் குலக் கைம்பெண்களுக்கே உரியதாக இருந்தது. அக்காலச் சமூகத்தோடு செய்துகொண்ட உடன்பாடு அது. அதனால் வெளியே நின்ற பெண்கள் மிகப் பலர்.

அக்குறையை அவருடைய முதுமைக்காலப் பணி ஓரளவு ஈடுசெய்தது. 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூகநல நிலையத்தை அவர் நிறுவினார். அன்று செங்கற்பட்டு மாவட்டச் சிற்றூராக இருந்த மாடம்பாக்கம் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. நகரத்து இல்லத்தில் தொடங்கிய துணை, ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்துக் கிராமத்துப் பெண்களைத் தேடி வந்தது. 1969இல் அவர் மறைந்தார்.

கேம்பர்வெல் ஆய்வு காட்டிய நான்கு

இந்நிலத்துப் பட்டறிவைப் புரிந்துகொள்ள ஓர் அயல்நாட்டு ஆய்வு உதவும். லண்டன் மாநகரின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்னும் இருவர் மனச்சோர்வின் சமூகத் தோற்றுவாய்களை ஆராய்ந்து 1978இல் நூலாக வெளியிட்டனர். பெரும் இழப்போ நெருக்கடியோ நேர்ந்த பெண்களுள் சிலர் நோயுறுகின்றனர், சிலர் தாங்கிக் கொள்கின்றனர். வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது அவர்கள் கேள்வி. தாங்கும் வலிமையைக் குறைப்பனவாக நான்கு நிலைகளை அவர்கள் கண்டனர். மனத்தைத் திறந்து பேச நெருங்கிய ஒருவர் இல்லாமை ஒன்று. பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வீட்டில் இருத்தல் மற்றொன்று. வீட்டுக்கு வெளியே வேலை இல்லாமை மூன்றாவது. பதினோரு வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல் நான்காவது.

வேலையின்மை இப்பட்டியலில் உண்டு. ஆனால் அது நான்கனுள் ஒன்றே. இவற்றுள் வலியது முதலாவதாகிய நெருங்கிய உறவின் இன்மையே. உற்ற துணை உடையவளுக்கு ஏனைய குறைகளின் தாக்கம் குறைந்தது. துணை இல்லாதவளுக்கு வெளிவேலை ஓரளவு காப்பளித்தது. ஆங்கில ஆய்வாளர் கண்ட அத்துணையைத் தமிழ் அகமரபு தோழி என்ற சொல்லால் என்றோ குறித்துவிட்டது.

தொழிற்சாலையும் மகளிர் பெட்டியும்

1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. ஆடை, மின்னணுப் பொருள் ஆலைகளில் இளம்பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். வயலில் பருவத்துக்கு மட்டும் கிடைத்த கூலி மாதந்தோறும் வரும் சம்பளமாயிற்று. குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளச் சீட்டைக் கண்டவர் பலர். தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் பணிபுரிவதைத் தடுத்த சட்டப்பிரிவை 2000ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது. வேலைவாய்ப்பில் சமத்துவம் வேண்டுவோர் அதனை வரவேற்றனர். இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுப்படி விடுமுறை தரவில்லை என்பதைத் தீர்ப்புகள் மாற்ற இயலாது.

ஆலைக்குள் உற்பத்தி இலக்கு பேச்சை அடக்கியது. பேச்சுக்கு இடம் கிடைத்தது செங்கற்பட்டு மின்தொடர் வண்டியின் மகளிர் பெட்டியில். ஒரு மணி நேரப் பயணத்தில் பூத்தொடுத்தலும் கீரை ஆய்தலும் நடக்கும், சீட்டுப்பணம் கைமாறும், பிள்ளைகளின் மதிப்பெண்ணும் மாமியாரின் சொல்லும் பேசப்படும். நாள்தோறும் அதே இருக்கையில் அமரும் ஒருத்தி இரு நாள் வரவில்லையெனில் விசாரிக்க ஆள் இருந்தது. நடவு வரிசை இழந்த இடத்தை இருப்புப்பாதை சிறிதளவு மீட்டுத் தந்தது எனலாம். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரமும் இல்லை.

துணை அறுந்தால் என்ன நேரும் என்பதை 2021 டிசம்பர் நிகழ்ச்சி காட்டியது. திருப்பெரும்புதூர்ப் பகுதி மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் தங்கியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குத் தெளிவான விடை கிடைக்காத நிலையில் வதந்தி பரவியது. பெண்கள் இரவில் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஊதிய உயர்வு அம்மறியலின் தொடக்கமன்று. தம் தோழியர் உயிரோடு இருக்கிறார்களா என்ற வினாவே தொடக்கம். தமிழக அரசு தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட ஊர்களில் பணிபுரியும் மகளிர்க்கு அமைத்த விடுதிகளுக்குத் ‘தோழி’ என்று பெயரிட்டிருப்பது பொருத்தமே. பெயருக்கேற்ற பொருளை உள்ளிருக்கும் வாழ்வுதான் தர வேண்டும்.

கீழ்ப்பாக்கத்திலிருந்து திருப்போரூருக்கு

இதுகாறும் கூறியவை அன்றாடத் துயரும் சோர்வும் பற்றியன. கடும் மனநோய் வேறு. அதற்கு மருத்துவமும் மருந்தும் இன்றியமையாதவை. அன்பு மட்டும் அதனைத் தீர்க்காது. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநோயர் விடுதி, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்டது. அங்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக விளங்கியவர் மருத்துவர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் அவர் 1923இல் மங்களூரில் பிறந்தவர். ஆயிரக்கணக்கானோர் அடைந்து கிடந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பித்து, அவர்களை மீண்டும் குடும்பத்தோடு சேர்ப்பதில் அவர் கருத்தூன்றினார். ஆணுக்கு வீட்டுக் கதவு திறந்தது போலப் பெண்ணுக்குத் திறக்கவில்லை. நோயுற்ற கணவனை மனைவி பேணுவது கடமையாகக் கருதப்பட்டது. நோயுற்ற மனைவி பெற்றோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

1984இல் சாரதா மேனன் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமாகிய ஸ்கார்ப் அமைப்பை உருவாக்கினார். அது 1980களின் இறுதியிலேயே செங்கற்பட்டு மாவட்டத் திருப்போரூர் வட்டாரத்துக்குத் தன் பணியை விரித்தது. முருகன் கோயில் கொண்ட திருப்போரூரில், வேலனிடம் அழைத்துச் செல்லப்பட்டவர்களைத் தேடி மருத்துவரும் சமூகப் பணியாளரும் வந்தனர். பின்னர் 2009, 2010 ஆண்டுகளில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் உள்ளிட்ட மூன்று இடங்களில் ஓர் ஒப்பாய்வு நிகழ்ந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்று பேணியோர் நோய்க்குறிகளிலும் அன்றாடச் செயல்திறனிலும் ஓரளவு கூடுதல் முன்னேற்றம் கண்டனர் என்பது 2014இல் வெளியான அதன் முடிவு. மருந்தோடு மனிதரும் வேண்டும் என்பதற்கு இம்மண்ணும் சான்றளித்தது.

அந்நிறுவனத்தின் மருத்துவர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியோரும் 2003இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மனச்சிதைவுற்றுக் கணவனால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றியது. முதிய பெற்றோரே அவர்களைப் பேணினர். கணவன்மாரிடமிருந்து வாழ்க்கைப்படி பெரும்பாலோர்க்குக் கிடைக்கவில்லை. சட்டப்படியான மணவிலக்கும் அரிதாகவே இருந்தது. ஆயினும் பலர் தாலியைக் கழற்றவில்லை. கணவன் ஒருநாள் அழைத்துச் செல்வான் என்று நம்பியிருந்தனர். ‘எங்களுக்குப் பின் இவளுக்கு யார்?’ என்பதே அப்பெற்றோரின் துயர். சாரதா மேனனுக்கு 1992இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 2021 டிசம்பர் 5 அன்று தம் 98ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை. கடல் கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாக்கியது. தமிழகக் கரையில் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர் மாண்டனர். நாகப்பட்டினத்தில் இழப்பு மிகப் பெரிது. பல இடங்களில் ஆண்களினும் பெண்கள் மிகுதியாக இறந்தனர். நெடுங்கடலில் இருந்த படகுகளை அலை மேலேற்றி இறக்கிவிட்டது. கரையில் மீனுக்காகக் காத்திருந்தோரையும், குடிசையில் பிள்ளைகளோடு இருந்தோரையும் அள்ளிச் சென்றது. மீன் விற்ற பெண்ணும் வீட்டில் இருந்த பெண்ணும் ஒரே அலையில் போயினர்.

எஞ்சியோரின் துயரில் வேறுபாடு இருந்தது. படகும் வலையும் இழந்தவருக்கு நிவாரணப் பட்டியலில் இடம் இருந்தது. கூடையும் கைம்முதலும் இழந்த மீன்காரிக்கு அத்தகைய இடம் எளிதில் கிட்டவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்களே அமர்ந்தனர். பிள்ளைகளை இழந்த தாய்மாரில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டோர் பலர். அவர்கள் மீண்டும் கருவுற உதவும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவி அளித்தது. அத்தாய்மாருக்கு அது நம்பிக்கை தந்தது. மறுபுறம், இழந்த பிள்ளைக்காக அழுது முடிக்கும் முன்பே அடுத்த பிள்ளையைப் பெற வேண்டுமென்ற நெருக்குதலும் சிலர்க்கு நேர்ந்தது.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவன வல்லுநர்களும் சென்னை மருத்துவர்களும் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தனர். துயருற்றவர் பேசுவதைக் கேட்பதே அப்பயிற்சியின் அடிப்படை. கடற்கரைப் பெண்கள் மீண்டும் கரைக்கு வந்து ஏலத்தில் நின்றதும் ஒரு மருத்துவமாயிற்று. அங்கே வருமானம் கிடைத்தது. தன்னைப் போல் இழந்தவள் அருகில் நிற்பதும் தெரிந்தது.

திருவிடந்தையின் அயலில்

1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள் சென்னையில் பானியன் என்ற அமைப்பைத் தொடங்கினர். தெருவில் ஆதரவற்றுத் திரிந்த மனநோயுற்ற பெண்ணொருத்தியைக் கண்டு, அவளைச் சேர்க்க இடம் கிடைக்காத நிலையே அதன் தோற்றத்துக்குக் காரணம். ‘அடைக்கலம்’ என்ற அவர்களது இல்லத்தில் சிகிச்சை பெற்று நலமடைந்த பெண்கள் பலர் ஊர் திரும்பினர். திரும்ப ஊரோ, ஏற்க உறவோ இல்லாதவரும் இருந்தனர். நோய் தீர்ந்தும் வீடு இல்லாத அவர்களுக்கு வாழ்விடம் தேடிய முயற்சி கோவளத்துக்கும் வந்தது. 2007இல் அவ்வமைப்பு தொடங்கிய மனநலக் கல்விக்கழகம் கோவளத்தை அடுத்த திருவிடந்தையில் வளாகம் கொண்டது.

திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் உறையும் தலம். நாளும் ஒரு கன்னியை மணந்தார் என்னும் தலபுராணம் உடைய இக்கோயிலுக்குத் திருமணம் கைகூட வேண்டி மாலை சாத்த வருவோர் தொகை பெரிது. மணவாழ்வை வேண்டி வரும் பெண்கள் ஒரு தெருவில். மணவாழ்வால் கைவிடப்பட்ட பெண்களின் நலம் கருதிய பணி அதன் அயலில். கவிஞர்க்கு இதனினும் விளக்கம் வேண்டுவதில்லை.

2015இல் பானியன் ‘மீண்டும் இல்லம்’ எனப் பொருள்படும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நெடுங்காலம் மனநல நிலையங்களில் இருந்தோர் நால்வர் அல்லது ஐவராக, ஊருக்குள் வாடகை வீட்டில் கூடி வாழ்வர். சமையல், கடைத்தெரு, கோயில், கைத்தொழில் எல்லாம் அவர்கள் விருப்பப்படி. வேலைக்குப் போக இயன்றவர் போவர். இயலாதவர் வீட்டில் இருப்பர். இரு சாராரும் ஒரே குடும்பம். அவர்களுக்கு உதவியாக அமர்த்தப்படுவோர் அவ்வட்டாரப் பெண்கள். அடுப்படிக்கு அப்பால் சம்பளம் கண்டிராத ஒருத்தி, தான் அறிந்த பேணும் கலைக்காகவே பணியாளர் ஆகிறாள். நோயிலிருந்து மீண்டவள் அவளுக்குத் தோழியாகிறாள். உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இத்திட்டத்தை நல்ல எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

கணக்கில் வராத உழைப்பு

பணிபுரியாத மகளிர் என்ற சொல்லையே ஐயுற வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இல்லக் கடமை மட்டும் ஆற்றுவோரை உழைக்காதோர் பிரிவில் சேர்த்து வந்திருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் இல்லத்தரசியர் பிச்சையெடுப்போருடன் ஒரே வகையில் வைக்கப்பட்டதை 2010இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு அளவீட்டின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுகின்றனர். இல்லத்தரசியின் உழைப்பும் குடும்பச் சொத்தை ஈட்டுகிறது, அதில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. உதவி என்னாது உரிமை என்ற சொல்லிலேயே ஓர் ஏற்பு இருக்கிறது.

ஏற்பு வேண்டும்; ஆனால் அதுவே துணையாகிவிடாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 45 ஆயிரம் பேர். அவர்களுள் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இல்லத்தரசியர். இல்லத்தரசியர் தொகையே பெரிது என்பதையும் மனத்தில் கொண்டு இவ்வெண்ணைக் காண வேண்டும். அவ்வாறு கண்டாலும், சம்பளம் கேட்காமல், விடுப்பு எடுக்காமல், யாரிடமும் சொல்லாமல் இறந்தோரின் வரிசை அது. அலுவலகத்துக்கு வராத பெண்ணை யாரேனும் தேடுவர். வீட்டுக்குள்ளேயே காணாமற்போகும் பெண்ணைத் தேட ஏற்பாடு எதுவும் இல்லை.

சுய உதவிக் குழுக்கள் அவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பின. 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1997-98 முதல் மகளிர் திட்டமாகப் பரவிய இக்குழுக்களின் நோக்கம் சேமிப்பும் கடனும். ஆனால் வாரம் ஒருமுறை வீட்டைவிட்டு வெளியே வந்து, பெண்கள் வட்டமாக அமரக் குடும்பம் ஒப்பிய முதற்காரணம் அதுவே ஆயிற்று. கடன் தவணைக் கணக்கு முடிந்த பின் தொடரும் பேச்சில்தான் பலரது துயர் வெளிப்பட்டது. கடன் அட்டை நெருக்குதலாக மாறிய இடங்களில் அதே வட்டம் அச்சம் தந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

முடிவாக

ஐஸ் அவுஸ் இல்லம், மாடம்பாக்கம் நிலையம், திருப்போரூர் வீதிகள், பேரலைக்குப் பின் கோவளக் கரை, வாடகை வீட்டில் கூடி வாழும் பெண்கள் ஆகிய யாவும் ஒரே பணியின் வெவ்வேறு படிகள். வேலை பெண்ணுக்கு வேண்டும், அது உரிமை. மருத்துவம் வேண்டும், அது அரசின் கடமை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சையையும், சமூகத்துக்குள் வாழ்வதையும் உரிமையாக்கியது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கேட்கலாம். இவ்விரண்டுக்கும் இடையே சட்டமும் திட்டமும் எட்டாத ஓர் இடம் உண்டு. அங்கே நிற்க வேண்டியவள் தோழி.

தோழியாவதற்கு அகமரபு கூறும் தகுதி ஒன்றே: உடனிருந்து அறிதல், அறிந்ததை உரிய நேரத்தில் அஞ்சாது உரைத்தல். இலக்கிய வட்டங்களும் இத்தகுதிக்கு உரியவையே. மாதம் ஒருமுறை கூடி, பிறர் எழுதியதைப் பொறுமையோடு கேட்கும் பழக்கம் அவற்றுக்குப் பத்தாண்டில் கைவந்திருக்கும். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கும்போது, ஆலையிலிருந்து திரும்பும் பெண் அடுப்பருகே நிற்கிறாள். இல்லத்தில் இருக்கும் பெண்ணும் அடுப்பருகே நிற்கிறாள். இரு சாராரையும் ஒன்றாக்கும் அந்த வேளையில் அவர்களுக்கு நாற்காலி போடப்படுவதில்லை. கூட்டத்தின் நேரத்தை மாற்றுவது சிறிய செயல். அவர்கள் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்பது அதனினும் சற்றுக் கடினம். ஒப்பாரி வட்டம் கலைந்த ஊர்களில் அவர்களுக்கென ஓர் அவையை மீண்டும் கூட்டும் பொறுப்பு, சொல்லைத் தொழிலாகக் கொண்டோரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.